பன்னிரண்டு தறிகளுக்கு மேலே சனி

மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.
எழுபது மில்லிமீட்டர் வாய்.
ஸ்டாண்டின் ஒரு கால் முன்பே ஒடிந்து
எம்-சீல் போட்டிருந்தது.
புத்தூர் டிப்போவில் டிக்கெட் கணக்கு முடித்து
கடைசிப் பேருந்தில் அதை
மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன்.
"ஏன்டிதி மேடம், பைப்பா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.

மறுநாள் பகலில் மூக்குமலையின் நுனியில்
குறிக்குழாயைச் சரிசெய்தேன்.
நகரியில் எல்லாருக்கும் தெரிந்த
அந்த மல்லாந்த முகம்
கண்ணாடிக்குள்
தலைமாட்டையும் கால்மாட்டையும்
மாற்றிக்கொண்டு படுத்திருந்தது.

முதல் இரவு நிலா.
என் கண்ணுக்குக் குழிகுழியாய் நின்றது.
போனுக்கு
உடைத்து ஊற்றிய முட்டை.
திரையில் விரல் வைத்து வெளிச்சத்தைக்
கீழே, கீழே இழுத்தபோதுதான்
ஒரு குழி வந்தது, பக்கத்தில் இன்னொன்று,
பிறகு கரை.
தொட்டால் ஆடும். மூச்சு விட்டால் ஆடும்.
பொத்தானுக்கும் படத்துக்கும் நடுவே
இரண்டு நொடி இடைவெளி வைத்து
கையைப் பின்னால் கட்டி
நிற்கப் பழகினேன்.

சனிக்கு அது போதவில்லை.

பக்கத்துச் சுவர் தேசப்பனுடையது.
சுவருக்கு அப்பால் பன்னிரண்டு விசைத்தறி.
அவர் லுங்கி நெய்யும் அதிர்வு
செங்கல் ஏறி, தளம் ஏறி,
எம்-சீல் கால் ஏறி,
நூற்று முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பவனை
நடுங்க வைத்தது.
சைக்கிள் டியூபை மடித்துக் காலுக்கடியில் வைத்தேன்.
மணல்பை கட்டித் தொங்கவிட்டேன்.
நாற்பத்தொரு படம்.
நாற்பத்தொன்றிலும் ஒரு மஞ்சள் புழு.

"எப்போ நிறுத்துவீங்க?"
"தார் மாத்துறப்போ ஒண்ணு நிக்கும்.
மத்ததெல்லாம் ஓடும்."
யாரைப் படம் பிடிக்கிறாய் என்று கேட்டார்.
சொன்னேன்.
கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தார்.
"ஏழரை நடக்குதும்மா எனக்கு.
அவன் பார்வை படக்கூடாதுன்னு
வாராவாரம் எள்ளு விளக்கு ஏத்துறேன்.
நீ குழாய் வெச்சுக் கூப்பிடுறியே."

புரட்டாசி. மூன்றாம் சனிக்கிழமை.
பதினொன்று பதினேழு.
தறிகள் நின்றன.
எல்லாம். ஒரே அடியில்.
காது போய்விட்டதோ என்றிருந்தது.
தெருவிளக்கு இல்லை,
சாயப்பட்டறையின் ஃபோகஸ் லைட் இல்லை.
"கரெண்ட்டு போயிந்தி" என்று தெலுங்கில் ஒரு குரல்,
தமிழில் ஒரு வசை.
பத்து மில்லிமீட்டர் கண்வில்லையில் அவன்
ஆடாமல் நின்றான்.
நின்றான் என்பது தப்பு. நகர்ந்தான்.
நாம் சுற்றுகிறோம் என்பதற்கு
வேறு சாட்சி வேண்டாம்,
போன் திரையின் விளிம்பை
ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறான்.
வீடியோவை அழுத்தினேன்.
துரத்தினேன், பிடித்தேன், விட்டேன், பிடித்தேன்.

படியில் செருப்புச் சத்தம்.
தேசப்பன். பனியனெல்லாம் பஞ்சு.
"ஒருக்கா காட்டு."
குனிந்தார். இமை இடித்து ஆடியது.
ஆட்டம் அடங்கும்வரை
அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
வெகுநேரம் பேச்சில்லை.
"இம்மாத்தூண்டா?
இவனுக்கா ஏழரை வருசம்?"

கரெண்ட் வந்தது.
கீழே ஒரு தறி. இன்னொன்று.
அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன்
மறுபடி புழுவானான்.
தலையை எடுக்காமல் கத்தினார்:
"டேய் கன்னியப்பா! மெயினை ஆஃப் பண்ணுடா!"

ஞாயிறு முழுக்க
வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாய் உடைத்து
ஆயிரத்து எண்ணூறில் கலங்கியதைத் தள்ளி
முந்நூற்றுப் பன்னிரண்டை
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினேன்.
கடுகளவு.
குறுக்கே ஒரு கோடு.
வளையம் என்று நான் சொன்னால்தான் வளையம்.
ஓரத்தில் ஊதா கசிந்திருந்தது,
மலிவுக் கண்ணாடி,
முதல் அலசலில் சாயம் விடும் லுங்கி மாதிரி.
அதை நான் அழிக்கவில்லை.

தேசப்பனுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.
சாயங்காலம் சுவருக்கு மேலே தலை நீட்டி
குரு எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்.
விடியக்காலை மூணு என்றேன்.
"மூணு..." என்று
விரலில் ஏதோ கணக்குப் போட்டபடி
தறிப்பக்கம் போனார்.